கழுத்தைத் தொடுமுன் கண்ணால் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம்தான். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் ஆண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கடந்த வாரம் பாடசாலையில் இடைவேளை நேரம். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருவன் கதிரையில் இருக்கிறான். பின்னால் நின்ற கூட்டாளி ஒரு கையால் நாடியையும் மறு கையால் பிடரியையும் பிடித்து, தலையை ஒரே வெட்டில் திருப்ப ஆயத்தமாகிறான். ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டோம்.

"சேர், இது கைரோபிராக்டிக் சேர். யூடியூப்ல டொக்டர்மாரே செய்றாங்க. டக்கெண்டு சத்தம் வந்தாத் தலையிடி போயிரும்" என்றான்.

ஏச மனம் வரவில்லை. நாம் சலூனில் காசு கொடுத்துச் செய்விப்பதைத்தானே அவன் இலவசமாகச் செய்யப் பார்த்தான்? அடுத்த பாடவேளையில் வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இந்தக் கழுத்து வைத்தியத்தின் வரலாற்றைத்தான் சொன்னோம். அதையே உங்களுக்கும் எழுதுகிறோம்.

முதலில் கழுத்தைப் பற்றி. நம் கழுத்தில் ஏழு எலும்புகள். அதில் உச்சியில் இருக்கும் முதலாவது எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். வானத்தைத் தோளில் சுமந்ததாகக் கிரேக்கர் கதை கட்டிய ஒரு பூதத்தின் பெயர் அது. நாலைந்து கிலோ நிறையுள்ள தலையை அந்த எலும்பு சுமப்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். அது ஒரு வளையம் போல இருக்கும். இரண்டாவது எலும்பில் ஒரு முளை உண்டு. அந்த முளையைச் சுற்றித்தான் வளையம் திரும்புகிறது. தலையை இடம் வலமாகத் திருப்பும்போது ஏறக்குறையப் பாதித் திருப்பம் இந்த இரண்டு எலும்புகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. வளையத்தின் நடுவால் முண்ணாண் இறங்குகிறது. இரு பக்கத் துளைகளால் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் ஏறுகின்றன. இத்தனையும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இடத்தில் இருக்கின்றன.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை திருகோணமலைக்குப் போவதென்றால் துறைக்குப் போய்ப் 'பாதை'க்குக் காத்திருக்க வேண்டும். (பாதை என்று எழுதும்போதே 2021 நவம்பர் 23 நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு துஆ செய்துவிட்டு மேலே வாசியுங்கள்.) எக்ஸ்ரே என்பது அக்கரையில் இருந்த சாமான். இக்கரையில் இருந்தவர் பரிசாரியார். கை முறிந்தால் பச்சிலை அரைத்துப் புக்கை கட்டி, மூங்கில் சிம்பு வைத்து, எண்ணெய் போட்டு எலும்பைப் பொருத்துவார். நம் மூத்தவர்கள் பலரின் கைகால்கள் அப்படித்தான் பொருந்தின. அந்தக் கைகளை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

எங்கள் மூத்தாப்பா தென்னையிலிருந்து விழுந்த கதையை வாப்பா அடிக்கடி சொல்வார். விழுந்தவரை நாலு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கினார்கள். தலை தொங்கிக்கொண்டு வந்தது. திண்ணையில் கிடத்திப் பரிசாரியாரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் கழுத்தில் கை வைக்கவேயில்லை. "விரல மடக்குங்க பாப்பம்" என்றார். வலக்கை மடங்கவில்லை. முள்ளொன்றை எடுத்து மெல்லக் குத்திப் பார்த்தார். மூத்தாப்பாவுக்குத் தெரியவில்லை. பரிசாரியார் எழும்பிவிட்டார். "இது என்ட கையால பார்க்கிற வேல இல்ல. பலகையில வெச்சி, தல அசையாம அக்கரைக்குக் கொண்டு போங்க" என்றாராம். மூத்தாப்பா பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலக்கை மௌத்தாகும் வரை சரியாக உயரவில்லை. விழுந்ததாலா, தொங்கத் தொங்கத் தூக்கியதாலா என்று வாப்பா இன்றைக்கும் கேட்பார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

கலாசாலையில் படித்த காலத்தில்தான் அந்தப் பரிசாரியார் செய்ததன் பெறுமதி விளங்கியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கொர்டோபாவில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி 'கிதாபுத் தஸ்ரீப்' என்று 30 பாகங்களில் ஒரு மருத்துவ நூல் எழுதினார். கடைசிப் பாகம் சத்திர சிகிச்சை பற்றியது. அதில் ஒரு பகுதி முழுவதும் எலும்பு முறிவும் மூட்டு விலகலும்தான். கழுத்தெலும்பு முறிந்தவரைப் பற்றி எழுதும்போது, அவரது கைகளைப் பார்க்கச் சொல்கிறார். கை சோர்ந்து மரத்து, ஊசியால் குத்தினாலும் உணர்வில்லை என்றால் ஆபத்து மிகப் பெரிது என்கிறார். நம் பரிசாரியார் அந்தக் கிதாபைக் கண்டிருக்கவே மாட்டார். ஆனாலும் வாத்தியார் வழி வந்த அந்த அறிவு அவரிடம் இருந்தது. கையை வைக்கும் முன் கண்ணால் பார்த்தார். தன் கைக்கு அடங்காதது எது என்றும் அறிந்திருந்தார்.

இன்னொருவரையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1162 இல் பக்தாதில் பிறந்த அப்துல் லதீப் அல் பக்தாதி. அவர் எகிப்தில் இருந்தபோது, 1200 முதல் 1202 வரை, அங்கே கொடிய பஞ்சம். மனிதர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். கெய்ரோவுக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த எலும்புகளை அவர் போய்ப் பார்த்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க வைத்தியர் கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக எல்லோரும் அதையே படித்தார்கள். பக்தாதி 2000 க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். ஒன்றில்கூடத் தாடை இரண்டாக இருக்கவில்லை. கேலன் பெரியவர்தான், ஆனால் கண்ணால் கண்டது அவருடைய சொல்லைவிட உறுதியானது என்று எழுதி வைத்தார்.

ஆனால் செத்தவரின் எலும்பைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. உயிரோடிருப்பவரின் எலும்பைப் பார்க்க உலகம் 1895 வரை காத்திருந்தது.

அந்த 1895 இல் இரண்டு விடயங்கள் நடந்தன. செப்டம்பர் 18 ஆம் திகதி அமெரிக்காவின் அயோவா மாநிலம், டேவன்போர்ட் நகரம். முன்னர் பள்ளிக்கூட வாத்தியாராகவும் பலசரக்குக் கடைக்காரராகவும் இருந்த டி. டி. பாமர் என்பவர், காது கேளாதிருந்த ஹார்வி லில்லார்ட் என்ற கட்டடக் காவலாளியின் முதுகெலும்பை அழுத்தினார். அவருக்குக் காது கேட்டது என்று அறிவித்தார். கையால் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் தன் முறைக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர் வந்தது. ஏறக்குறைய எல்லா நோய்க்கும் எலும்பு விலகியதே காரணம் என்று அவர் போதித்தார். அனுமதியின்றி வைத்தியம் பார்த்ததற்காக 1906 இல் சிறைக்கும் போனார். உண்மையில் காதின் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது. அது முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 8 ஆம் திகதி, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் ரொண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1901 இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை.

கையும் கண்ணும் ஒரே ஆண்டில் தனித்தனியாகப் புறப்பட்டன. இரண்டும் சந்தித்தது 1910 இல். பாமரின் மகன் பி. ஜே. பாமர் தங்கள் கல்லூரிக்கு எக்ஸ்ரே இயந்திரத்தை வாங்கினார். 1930 களில் அவர் முதுகெலும்பு முழுவதையும் விட்டுவிட்டு, கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளில் மட்டும் கவனம் செலுத்தத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் படத்தில் கோடு போட்டுக் கோணம் அளந்தார்கள். ஒவ்வொருவரின் எலும்பும் ஒவ்வொரு வடிவம் என்று கண்டார்கள். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதால், அவரவர் படத்தைப் பார்த்தே எந்தப் பக்கம், எந்தக் கோணம், எவ்வளவு அழுத்தம் என்று தீர்மானித்தார்கள். 1966 இல் இதற்கென்றே அமெரிக்காவில் ஒரு தேசியச் சங்கம் உருவானது. இன்று சிலர் முப்பரிமாண ஸ்கேனும் பயன்படுத்துகிறார்கள்.

பிள்ளைகள் அதிசயப்பட்ட இடம் இதுதான். இந்த முறையில் முறுக்கலும் இல்லை, வெட்டித் திருப்பலும் இல்லை, 'டக்' சத்தமும் இல்லை. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதுக்குக் கீழே மெல்ல அழுத்துவார்கள். அவ்வளவுதான். அந்தத் துறைக்காரர்களே படம் பார்க்கத் தொடங்கியதும் கையின் பலத்தைக் குறைத்துக்கொண்டார்கள். நம் பிள்ளை படமே பார்க்காமல் முழுப் பலத்தோடு திருப்பப் போனான்.

"அப்ப படம் எடுத்தாச் சரியா சேர்?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பதில், அதுவும் போதாது. அட்லஸ் கொஞ்சம் சரிந்திருப்பது நோயில்லாதவரின் படத்திலும் தெரியலாம். சரிவு இருக்கிறது என்பதால் அதுதான் தலையிடிக்குக் காரணம் என்று ஆகிவிடாது. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் கதிர்வீச்சு உண்டு, தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. 2007 இல் சிக்காகோவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. உயர் இரத்த அழுத்தம் உள்ள 50 பேர். பாதிப் பேருக்கு உண்மையாகவும் மீதிப் பேருக்குப் பாவனையாகவும் இந்த முறையைச் செய்தார்கள். எட்டு வாரத்தில் உண்மையாகச் செய்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 17 அளவு குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 50 பேர் என்பது நம் பாடசாலையின் ஒரு பெரிய வகுப்புக்குச் சமம். அதை வைத்துப் பிரஷர் குளிசையை எறிந்துவிடாதீர்கள் உம்மாமாரே, வாப்பாமாரே. தாடை எலும்பில் பக்தாதி 2000 பார்த்த பிறகுதான் பேசினார்.

சலூன் விடயத்துக்கு வருவோம். 2017 இல் புதுடெல்லிப் பக்கத்தில் 54 வயதான ஒருவர் சலூனில் கழுத்தை நெட்டி முறித்த பின் மூச்சு விட முடியாமல் வைத்தியசாலைக்குப் போனார். சுவாசத்தை இயக்கும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு பழுதாகியிருந்தது. அந்த நரம்பு கழுத்திலிருந்துதான் புறப்படுகிறது. இன்னும் சிலருக்கு, கழுத்தை வெட்டித் திருப்பியதில் மூளைக்குப் போகும் குழாயின் உட்சுவர் கிழிந்து பாரிசவாதம் வந்திருக்கிறது. இது எப்போதாவது நடப்பதுதான். ஆனால் நடந்தால் திரும்பி வராதது.

வைத்தியம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பு என்ற கருத்தில் அபூதாவூதில் ஒரு ஹதீஸ் பதிவாகியிருப்பதை நீங்கள் அறிவீர்கள். சலூன் வைத்திருக்கும் நம் சகோதரர்களிடம் இதைச் சண்டையாக இல்லாமல் அன்பாகச் சொல்லுங்கள். தலையை மெல்லப் பிடித்துவிடுவதோடு நிற்கட்டும். முறிப்பு வேண்டாம் என்று கதிரையில் இருக்கும்போதே நாமும் சொல்லிவிடுவோம்.

இன்னும் மூன்று விடயம்.

மரத்தாலோ சைக்கிளாலோ விழுந்தவரைக் கைகாலில் பிடித்துத் தூக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 க்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் இலவசம்.

பிடரியில் திடீரென்று கடும் வலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், கைகால் மரப்பு, இவை வந்தால் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். நேரே வைத்தியசாலை.

பாரம்பரிய வைத்தியரிடம் போவதென்றால் பதிவுள்ளவரிடம் போங்கள். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் நம் நாட்டு வைத்தியர்களைப் பதிவு செய்கிறது. யூனானி வைத்தியர்களும் அதில் அடக்கம். கேட்பதில் வெட்கமில்லை. நல்ல வைத்தியர் கேட்டால் கோபிக்க மாட்டார். எங்கள் மூத்தாப்பாவைத் தொடாமல் எழும்பிய பரிசாரியார் போல, தன்னால் முடியாததை முடியாது என்றும் சொல்வார்.

பாடம் முடிந்து மணி அடித்தது. நாடியைப் பிடித்த அந்தப் பிள்ளை போகும்போது எங்களிடம் வந்து, "சேர், எங்கட வாப்பா கிழமைக்கு ஒருக்கா சலூன்ல முறிப்பாரு. இண்டைக்கே சொல்றன்" என்றான்.

சொல்லியிருப்பான், இன்ஷா அல்லாஹ். நீங்களும் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் எல்லோரையும் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.