மழையும் கமராவும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து சில குறிப்புகள்

புகைப்படக்கலை ஈரத்தில் வளர்ந்த கலை என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1851ஆம் ஆண்டு பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட செய்முறைக்குப் பெயரே 'ஈரத்தட்டு' முறை என்பதாகும். கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, அது காயுமுன்னர் படம் பிடித்து, காயுமுன்னரே இருட்டில் வைத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். இதற்குக் கிடைத்த அவகாசம் சில நிமிடங்களே. வெப்ப நாடுகளில் அது மேலும் குறைந்தது. அக்காலத்துப் புகைப்படக்காரருக்கு எதிரி ஈரமல்ல, வரட்சியே. இம்முறையில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரட் கமரோன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான படங்களை எடுத்த அவருடைய இலங்கைப் படங்களாக எஞ்சியவை மிகச் சிலவே.

1871இல் ரிச்சர்ட் மடொக்ஸ் என்ற மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தட்டை முன்மொழிந்ததும் நிலைமை தலைகீழானது. தட்டுகளை முன்கூட்டியே தயாரித்து வைக்க முடிந்தது; பின்னர் படச்சுருளும் வந்தது. ஆனால் ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெறப்படுவது. ஈரம் பட்டால் ஊதும், ஒட்டும், பூஞ்சணத்துக்கு உணவாகும். கமரா மழைக்கு அஞ்சத் தொடங்கியது அன்றுதான் எனலாம்.

இந்த அச்சம் மட்டக்களப்பில் வேறொரு விளைவையும் தந்தது. இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் மாரியில் கொட்டித் தீர்க்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி அப்போது வயலோடும் வீதியோடும் கலந்துவிடும். கமராவை அலுமாரியில் வைத்துப் பூட்டும் மாதங்கள் அவை. ஆனால் இந்த மண்ணின் பெருந்துயரங்கள் நிகழ்ந்த மாதங்களும் அவையே. 1957 டிசம்பரின் பெருவெள்ளம், 1978 நவம்பர் 23இன் சூறாவளி, 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2011 ஜனவரியின் வெள்ளம் என்று எண்ணிப் பாருங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் எடுத்த கோயில் திருவிழாப் படங்கள் வீட்டுக்கு வீடு உண்டு. நாட்டில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட 1978 சூறாவளியைக் காட்டும் படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? எமது வரலாற்றின் மழைநாள் பக்கங்கள் பெரும்பாலும் வெற்றுப் பக்கங்களாகவே கிடக்கின்றன.

படச்சுருள் காலத்துக் கமராக்களுக்கு ஒரு வசதி இருந்தது. அவற்றுட் பல முற்றிலும் இயந்திரப் பொறிகள். 1982இல் வந்த நிக்கோன் எப்.எம்.2 கமராவில் ஒளிமானிக்கு மட்டுமே பற்றரி தேவை; பற்றரி செத்தாலும் படம் எடுக்கலாம். எடுத்த சுருளை இறுக்கமான மூடியுள்ள சிறு பிளாஸ்ரிக் குப்பியில் போட்டு மூடிவிட்டால் மழைக்குத் தப்பிவிடும். மண்முனைத் துறையில், எங்கள் வழக்கில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறிப் படுவான்கரைக்குச் சென்ற நாட்களில், கமராவுக்குப் பொலித்தீன் பையும் சுருளுக்கு அந்தக் குப்பியுமே எங்கள் துறையினரின் காப்பு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தப் பயணமும் பழங்கதையாயிற்று.

டிஜிற்றல் கமரா வேறு இனம். கொடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சசோன் 1975இல் உருவாக்கிய முதற் கருவி, ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்தது. அன்று முதல் இது மின்சுற்றுகளால் ஆன பொருள். மழைநீர் கெடுதல் என்றால் உவர்நீர் அதனினும் கெடுதல். உப்புக் கரைந்த நீர் மின்னை எளிதிற் கடத்தும். பற்றரி உள்ளே இருக்கும்வரை செப்பு இணைப்புகளை அரித்துக்கொண்டே இருக்கும். வாவிக்கரையில் வாழ்பவர்கள் இதை மனதில் இருத்த வேண்டும். 'ஐபிஎக்ஸ்7' என்ற குறியீடு, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் குறிப்பது. அந்தச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது. அதுவும் புதிய கருவிக்கு. இறப்பர் அடைப்புகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துவிடும்.

ஆகவே நான் இளைய நிருபர்களுக்குச் சொல்வது இதுதான். மழையில் இறங்கும்போது தெளிவான பொலித்தீன் பையில் வில்லையின் முகப்புக்கு மட்டும் துளையிட்டு இறப்பர் வளையத்தால் இறுக்குங்கள். வில்லைக்கு மறைப்புக் குழல் போடுங்கள்; மழையில் வில்லையை மாற்றாதீர்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வரும்போது கமராவை மூடிய பையிலேயே அரை மணி நேரம் வையுங்கள். இல்லையேல் ஈரக்காற்று கண்ணாடியில் வியர்க்கும். வாவிக்குள் விழுந்துவிட்டால் இயங்குகிறதா என்று அழுத்திப் பார்க்காதீர்கள். உடனே பற்றரியையும் நினைவட்டையையும் கழற்றுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பெரும்பயன் இல்லை. அரிசி உப்பை உறிஞ்சாது. திருத்துநரிடம் விரைந்து கொடுப்பதே வழி. கமரா போனாலும் அட்டை பெரும்பாலும் பிழைக்கும். அதை நன்னீரில் அலசி, நன்கு உலர்த்திய பின்னரே வாசிக்க முயலுங்கள்.

அச்சிட்ட படங்களுக்கும் இதே பொறுமை வேண்டும். 2004இல் நாவலடியிலும் கல்லடியிலும் அலை கொண்டுபோனவற்றுள் திருமண அல்பங்களும் அடங்கும். மீண்டு கிடைத்த அல்பங்களை அடுக்காகவே வெயிலில் காயவைத்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி அழியும். ஈரமாக இருக்கும்போதே தூய குளிர்நீரில் ஒவ்வொன்றாகப் பிரித்து, படமுகம் மேலாக நிழலில் உலர்த்த வேண்டும். 2011இல் யப்பானிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் பூஜிபில்ம் நிறுவனம் தொண்டர்களுடன் சேர்ந்து சேறு படிந்த குடும்பப் படங்களைப் பெருந்தொகையாகக் கழுவிக் காப்பாற்றியது. எமக்கு அத்தகைய ஏற்பாடு வாய்த்திருந்தால், இறந்தவரின் முகம் ஒன்றேனும் எஞ்சிய வீடுகள் இன்னும் சில இருந்திருக்கும்.

இன்று நீர்காப்புள்ள கைத்தொலைபேசிகள் பலரிடமும் உள்ளன. மழைநாட் படங்களுக்கு இனிப் பஞ்சமில்லை. ஆனால் எடுத்தவற்றைப் பேணுவோர் குறைவு. தொலைபேசி மாறும்போது படங்களும் தொலைந்துபோகின்றன. அடுத்த மாரியில் வெள்ளம் உங்கள் படலைக்கு வந்தால், படம் எடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்து, அன்றிரவே வெளியூரிலிருக்கும் உறவினர் ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். நீர் ஒரே நாளில் இரண்டு ஊர்களின் பிரதிகளையும் கொண்டுபோவது அரிது.