ஏணிப்படியும் படச்சீட்டும்

வேங்கடமலையைத் தமிழுலகின் வட எல்லையென நம் முன்னோர் வகுத்தனர். அவ்வெல்லையில் பிழைப்பின் பொருட்டுக் குடியேறிய நாம், தமிழ் இம்மண்ணுக்கு அளித்தவற்றை ஆண்டுதோறும் பேசி மகிழ்கின்றோம். இம்மண் தமிழ்ச் சிறாருக்கு அளித்த கொடையொன்றையும் கூறுதல் நன்றியுடைமையாகும். அக்கொடை கல்வெட்டன்று, கோபுரமன்று. சிறுவர் கைக்கடங்கும் படச்சீட்டு.

படத்தால் மக்களுக்கு உணர்த்துதல் இப்பகுதிக்குப் புதிதன்று. காளத்தியில் மூங்கில் எழுதுகோல் கொண்டு துணியிற் புராணக் கதைகளைத் தீட்டினர். 1951-52 பொதுத் தேர்தலில், நூற்றுக்குப் பதினெண்மரே எழுத்தறிந்திருந்த நாட்டில், சின்னங்களே வேட்பாளரை அடையாளம் காட்டின. எனினும் அவை எழுத்தறியாதாரை அந்நிலையிலேயே விட்டுச் சென்றன. எழுத்தின்பால் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் சித்திரம் பின்னரே தோன்றியது.

மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பெயரொடு இணைந்தது அவ்வூரை அடுத்த ரிஷிவேலிப் பள்ளி. அவ்வூர்ப் பகுதி 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சுற்றுச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கென அங்கு ஓராசிரியர் பள்ளிகள் எழுந்தன. அவற்றின் பொருட்டுப் பத்மநாப ராவும் அவர்தம் துணைவியார் ரமாவும் 1980-களின் பிற்பகுதி தொட்டு ஒரு முறையை வகுத்தனர். பாடநூலைச் சிறு சிறு சீட்டுகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு சீட்டிலும் விலங்கு, பறவை போன்ற சின்னம் ஒன்று பொறித்தனர். சுவரிலோர் ஏணிப்படம், அதன் படிகளில் அச்சின்னங்கள். தான் நிற்கும் படியைக் கண்டு, உரிய சீட்டைப் பிள்ளை தானே எடுத்துக் கொள்ளும். சின்னம் நோக்கி, ஆசிரியரிடம் அமர வேண்டுமோ, தோழரொடு பயில வேண்டுமோ, தனித்துப் பயில வேண்டுமோ என்பதையும் அறிந்துகொள்ளும்.

இதன் அருமையை யாம் எம் இளமையால் அறிவோம். யாம் பயின்றதும் ஓராசிரியர் பள்ளியே. வேர்க்கடலை பறிக்கும் நாள்களில் எம் தோழன் ஒருவன் இரு வாரம் வயலுக்குச் செல்வான்; மீண்டு வருகையில் பாடம் வெகுதொலைவு சென்றிருக்கும். ஓராண்டு அவன் மீண்டு வரவேயில்லை. அறிவில் அவன் எம்மினும் மேலானவன். யாம் மெட்ரிக் தேறி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தரானோம், அவன் கூலியாளானான். புறப்பட்ட வண்டி, தவறவிட்டவனுக்காக நில்லாது. அஃது எம் தொழிலுக்குரிய ஒழுங்கு. பள்ளிக்கு அவ்வொழுங்கு பொருந்துமோ? ரிஷிவேலிச் சீட்டு, வயலுக்குச் சென்ற பிள்ளைக்காக அதே படியிற் காத்திருக்கும்.

இம்முறையைக் கண்டு பயிலத் தமிழாசிரியர்கள் மலையேறி வந்தனர். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையராயிருந்த எம். பி. விஜயகுமார் முயற்சியால், இது தமிழ்க்கோலம் பூண்டது. 2007-08-இல் ‘செயல்வழிக் கற்றல்’ எனும் பெயரால் தமிழகத்தின் 37,000-க்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். அவர்தம் கைக்கெட்டுமாறு கரும்பலகைகள் தாழ்ந்தன. ஆசிரியர்க்கு வேலைப்பளு மிகுந்ததென்றும், பாடநூல் பின்தள்ளப்பட்டதென்றும் குறை கூறினாரும் உளர். பின்னாளில் வேறு முறைகள் வந்தன. எனினும், பின்தங்கிய பிள்ளையைப் பழியாது காத்திருக்கலாம் என்னும் பாடத்தைத் தமிழ் வகுப்பறை கற்றது இந்நிலத்திடமே.

அன்பர்களே! இன்று நம் இல்லப் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கின்றனர். தாத்தா எழுதும் தமிழ்க் கடிதத்தைப் படிக்க மாட்டாது நம்மிடம் நீட்டுகின்றனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. அட்டையும் வண்ணமும் வாங்குவோம், ‘அ’கர முதலாய் நம் கையாலேயே சீட்டுகள் வரைவோம், சங்கக் கூடத்துச் சுவரில் ஓர் ஏணி எழுதுவோம். ஒரு வாரம் வாராத பிள்ளைக்கும் அவன் படி அங்கே காத்திருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!