கோழித் தீவனமும் கண்ணாடிக் குழாயும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் வழியில் நீண்ட கோழிக் கொட்டகைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இக்கோழிகளின் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளம், பிண்ணாக்கும் சேரும். மூட்டையில் ஈரம் இருந்துவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணங்களுள் ஒன்று சுரக்கும் நஞ்சே அஃப்ளடாக்சின். இது கல்லீரலைத் தாக்கும், முட்டை குறையும், மிகுந்தால் கோழிகள் மடியும்.

தீவன ஆய்வுக்கூடங்களில் இந்நஞ்சை நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். பத்து டன் ஏற்றிய லாரிகள் முப்பது நிற்கின்றன என்று கொள்வோம். அவ்வளவு சோளத்திலும் ஒரே ஒரு மணியைத் தேடுவது போன்றது இது! எப்படி முடிகிறது? விடை காண நாம் 1903ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அப்போது வார்சா நகரில் மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலார் இலைகளின் நிறப்பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிக் குழாய் ஒன்றில் சுண்ணத்தூளை அடைத்து, இலைச்சாற்றை மேலே ஊற்றி, தொடர்ந்து கரைப்பானைச் செலுத்தினார். தூளில் அழுத்தமாக ஒட்டும் பொருள் பின்தங்கியது. ஒட்டாதது முன்னே ஓடியது. பச்சையும் மஞ்சளுமாகத் தனித்தனி வளையங்கள் தோன்றின. 1906இல் இம்முறைக்குக் குரோமட்டோகிராபி எனப் பெயரிட்டார். நாம் வண்ணப் பிரிகை என்கிறோம். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றாலே நிறம் என்று பொருள்!

ஆயினும் வேதியியலார் பலர் இதை நம்பவில்லை. 1919இல் ஸ்வெட் மறைந்தார். 1931இல் ஹைடல்பர்க்கில் கூன், லெடரர் ஆகியோர் இம்முறையால் கரோட்டினைப் பிரித்துக் காட்டிய பிறகே உலகம் விழித்தது. 1941இல் இங்கிலாந்தின் மார்ட்டினும் சிஞ்சும் புதிய வகைப் பிரிகையைக் கண்டனர். 1952இல் நோபல் பரிசு பெற்றனர். அதே 1952இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே.வி. கிரியும் அவருடைய மாணவரும் வட்டமான வடிதாளில் அமினோ அமிலங்களை வளையங்களாகப் பிரிக்கும் எளிய முறையை வெளியிட்டனர். வடிதாளின் நடுவில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளியிட்டு, அதன்மேல் துளித்துளியாக நீர் விட்டுப் பாருங்கள். கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் நிறங்கள் வெளிவரும்.

இனி நஞ்சுக்கு வருவோம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. காரணம் புரியாமல் 'எக்ஸ் நோய்' என்றனர். குற்றவாளி, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சணம். அதன் சாற்றைச் சிலிக்கா பூசிய தகட்டில் பிரித்து, புற ஊதா ஒளியில் பார்த்தபோது நீலமாகவும் பச்சையாகவும் புள்ளிகள் ஒளிர்ந்தன. அவ்விரு நிறங்களின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளே பி, ஜி என்று இந்நஞ்சுகளின் பெயர்களாயின.

இது பறவைகளோடு நிற்கவில்லை. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 106 பேர் இறந்தனர். வேறு தானியம் வாங்க வழியற்ற ஏழை மக்கள்!

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த பகுதி அழுத்தம். துகள் சிறிதானால் பிரிவு துல்லியமாகும் என்று மார்ட்டினும் சிஞ்சும் அன்றே எழுதினர். ஆனால் துகளின் விட்டம் பாதியானால், அதே வேகத்தில் திரவத்தைச் செலுத்த நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். 150 மைக்ரான் துகளுக்குப் பதில் 5 மைக்ரான் துகளை அடைத்தால்? முப்பதின் இருமடி, அதாவது 900 மடங்கு! கண்ணாடிக் குழாயும் புவியீர்ப்பும் போதா. எஃகுக் குழாயும் வலிய பம்பும் தேவை. 1960களில் இவை கூடியபோது பிறந்ததே எச்.பி.எல்.சி. என்னும் கருவி. இதில் பிரிந்து வரும் நஞ்சின்மீது புற ஊதா ஒளி படுகிறது. அது உமிழும் நீல ஒளியின் செறிவே அதன் அளவைச் சொல்கிறது.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. நஞ்சு மூட்டை முழுதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓர் ஓரத்து மணிகளில் மட்டும் குவிந்திருக்கலாம். ஒரு பிடியை எடுத்துச் சோதித்தால் சிறந்த கருவியும் ஏமாறும். பல இடங்களில் எடுத்து, அரைத்து, கலந்து அனுப்ப வேண்டும். மேலும், கருவி நஞ்சை அளக்கும், அகற்றாது. சமைத்தாலும் அது எளிதில் அழிவதில்லை. அறுவடையான சோளத்தைக் களத்தில் நன்றாகக் காயவைப்பதுதான் முதல் காப்பு. ஸ்வெட்டின் குழாய்க்கு வேலை குறைந்தால், கோழிக்கும் நமக்கும் நலமே!