மரப்பஞ்சம் தந்த தரை

கூடைப்பந்துக் களத்துக்கு மேப்பிள் மரமே உகந்தது என்பது அமெரிக்க வழக்கம். ஆனால் 1946இல், உலகப்போர் முடிந்த மறுவருடம், பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குக் களம் அமைக்க முனைந்தபோது நீண்ட பலகைகளுக்குக் கடும் தட்டுப்பாடு. டினாட்டலே என்ற ஒப்பந்ததாரருக்குக் கிடைத்தவை ஓக் மரத் துண்டுகள்தாம். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இணைத்து ஐந்தடிச் சதுரங்களாக்கினார்.

1952இல் அத்தரை பாஸ்டன் கார்டன் அரங்குக்குப் பெயர்ந்தது. பனி ஹாக்கியும் நடக்கும் இடம் அது. ஹாக்கி முடிந்ததும் பனித்தளத்தை மூடி, 247 சதுரங்களையும் பரப்பித் திருகாணியால் முடுக்குவார்கள் தொழிலாளர்கள், பிறகு கழற்றுவார்கள். ஆண்டுக்கணக்கில் இதே வேலை. பந்து எழும்பாத இடங்களை உள்ளூர் ஆட்டக்காரர்கள் மனப்பாடமாக அறிந்திருந்தனர் என்றொரு கதை உண்டு. தோற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

1999இல் பழந்தரை ஓய்வுபெற்றது. புதியதை அமைத்தபோது மரத்துக்குப் பஞ்சமில்லை; ஆயினும் அதே குறுக்குநெடுக்குக் கோலத்தையே கேட்டு வாங்கினார்கள்.