ரசமட்டமும் தூக்குக்குண்டும்: குறிக்குழாயை நிமிர்த்துவதில் எதை நம்புவது?

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பது எளிதல்ல. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. போலீஸ் உரிமம் இல்லாமல் வீட்டில் எந்தத் துப்பாக்கியும் இருக்கக்கூடாது. காட்டுப்பன்றியையும் குரங்கையும் விரட்ட உரிமம் வாங்கும் சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது ஷாட்கன். அதற்கு ஸ்கோப் என்னும் குறிக்குழாய் தேவைப்படாது. ஸ்கோப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ரைஃபிள் சுடும் விளையாட்டுக்காரர்கள்தாம். ஆனாலும், கண் வைத்துப் பார்க்கும் குழாயைப் பூமிக்கு ஒழுங்காக நிறுத்துகிற வேலை மலாக்காத் தோட்டங்களின் வரலாற்றோடு ஒட்டியது. அங்கிருந்து தொடங்கினால் ஸ்கோப் விஷயமும் விளங்கும்.

1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவர் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிடுவது அங்கேதான் தொடங்கியது. அதன்பின் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மேடும் பள்ளமுமான நிலம் தோட்டமானது. சரிவில் நிரையை மேலிருந்து கீழாகப் போட்டால் மழை மண்ணை அடித்துக்கொண்டு போகும். குன்றைச் சுற்றி ஒரே மட்டத்தில் கோடு எடுத்து அதன்மேல்தான் நட வேண்டும். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் இதற்கு இரண்டு விதமான குறிக்குழாய்கள் புழங்கின.

ஒன்று காட் டிரேசர். பித்தளைக் குழாய், ஒரு முனையில் ஊசித்துளை, மறுமுனையில் குறுக்குக்கம்பி. ஒரு கோலில் தொங்கவிடுவார்கள். குழாயோடு ஒரு கனமான எடை நகரும். எடை பூஜ்யத்தில் நின்றால் பார்வை மட்டமாக இருக்கும். நகர்த்தினால் வேண்டிய ஏற்றமோ இறக்கமோ கிடைக்கும். அதில் குமிழியே கிடையாது. மற்றொன்று ஆப்னி லெவல். ஆங்கிலேயப் பொறியாளர் படையைச் சேர்ந்த வில்லியம் ஆப்னி 1870களில் வடிவமைத்தது. குழாயின் மேல் சின்ன ரசமட்டம் இருக்கும். உள்ளே சாய்த்து வைத்த கண்ணாடி அதன் குமிழியைப் பார்வையின் ஒரு பாதியில் காட்டும். ஆப்னி சட்டைப்பைக்குள் அடங்கும், கோல் வேண்டாம், வேலை சுருக்கமாக முடியும். டிரேசரைச் சுமக்க வேண்டும், காற்றடித்தால் அது ஆடும். ஆனால் ஆப்னியின் ரசமட்டம் ஓர் அடிபட்டுக் கொஞ்சம் நகர்ந்துவிட்டால், குமிழி நடுவில் நின்றபடியே தவறான கோட்டைக் காட்டும். பார்க்கிறவருக்குத் தெரியாது.

ரைஃபிளில் ஸ்கோப் பொருத்துகிறவர் முன்னாலும், தொங்கும் எடையா குமிழியா என்ற இதே தேர்வுதான் நிற்கிறது. குண்டு பூமியை நோக்கி நேராகக் கீழே விழுகிறது. தூரத்துக்கு ஏற்ப ஸ்கோப்பில் ஏற்றம் கொடுக்கும்போது, குறுக்குக்கம்பியின் நெடுங்கோடு சாய்ந்திருந்தால் அந்த ஏற்றமும் சாய்வாகவே போகும். இலக்கில் 1 மீட்டர் ஏற்றத்துக்கு 1 பாகை சாய்வு சுமார் 17 மில்லிமீட்டர் பக்க விலகலைத் தரும். 3 பாகைக்கு 52 மில்லிமீட்டர். 50 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு இது கண்ணில் படாது. தூரம் கூடக்கூட மறைக்க முடியாது.

இனிச் சொல்லப்போவதைப் பலர் கவனிப்பதில்லை. ரைஃபிள் சாய்ந்து கம்பி நேராக இருப்பதும், ரைஃபிள் நேராக இருந்து கம்பி சாய்ந்திருப்பதும் ஒன்றல்ல. ஸ்கோப் குழலுக்கு மேல் 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, 50 மீட்டருக்குக் குறி சரி செய்திருக்கிறது என்று கொள்வோம். கம்பி நேராக நிற்க, ரைஃபிள் மட்டும் 3 பாகை சாய்ந்திருந்தால் 100 மீட்டரில் வரும் விலகல் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே முதலில் காப்பாற்ற வேண்டியது கம்பியைத்தான்.

வீட்டில் பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? ரைஃபிளில் ஸ்கோப் பொருத்தும் ரெயிலின் மேல் ஒரு சின்ன ரசமட்டம், ஸ்கோப்பின் மேல்திருகு மூடியின் மேல் இன்னொன்று. இரண்டிலும் குமிழி நடுவுக்கு வந்ததும் ஸ்குருவை முறுக்கிவிடுகிறார்கள். ரசமட்டம் தான் உட்கார்ந்திருக்கும் பரப்பைப் பற்றி மட்டுமே பேசும். மூடி மரையில் சுழலும் பொருள். அதன் தலை உள்ளிருக்கும் கம்பிக்குச் செங்குத்தாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. மட்டத்தின் தரமும் ஒரு கேள்விதான். கொத்தனார் வைத்திருக்கும் நல்ல மட்டம் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் பிசகுக்குள் நிற்கும். விரல் நீள மட்டத்தில் அந்த நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது. 180 பாகை திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி அதே இடத்தில் நின்றால் நம்பலாம், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள்.

தூக்குக்குண்டுக்கு இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். நூலும் எடையும் போதும். அது ஆடும் என்பது ஒன்றுதான் குறை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, குண்டை வாளித் தண்ணீரில் முங்கவிட்டால் அடங்கிவிடும்.

என் முறை இரண்டையும் பயன்படுத்துவது, ஆனால் சம உரிமை கொடுத்தல்ல. முதலில் துப்பாக்கி காலி என்பதை இரண்டு தடவை பார்த்து, போல்ட்டைக் கழற்றி வையுங்கள். ரைஃபிளை அசையாமல் நிறுத்தி, ரெயிலின் குறுக்கே ரசமட்டம் வைத்து நிமிர்த்துங்கள். அதோடு ரசமட்டத்தின் வேலை முடிந்தது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியைச் சரிபார்த்து, ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்குகளைத் தளர்வாக விட்டுக் கம்பியின் நெடுங்கோட்டை நூலோடு பொருத்துங்கள். வரிசை வீட்டில் இருப்பவர் துப்பாக்கியை வாசல் பக்கம் நீட்டத் தேவையில்லை, நீட்டவும் கூடாது. ஸ்கோப்பின் முன்கண்ணாடி வழியாக டார்ச் அடித்தால் கம்பியின் நிழல் பின்சுவரில் விழும். அந்தச் சுவரில் நூலைத் தொங்கவிட்டால் போதும். முறுக்கும்போது ஒரு பக்கத்து ஸ்குருவை மட்டும் இறுக்கினால் ஸ்கோப் மெல்லத் திரும்பிவிடும். ஆகவே மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு சுற்றுக்கும் நூலைப் பார்த்துக்கொண்டே முறுக்க வேண்டும்.

கடைசித் தீர்ப்பு காகிதத்தில். அனுமதி பெற்ற சுடுதளத்தில் 100 மீட்டருக்குக் குறி சரி செய்துகொண்டு, அதே தூரத்தில் உயரமான அட்டை ஒன்றை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேர்க்கோடு வரையுங்கள். கம்பி நேராக நிற்பதைப் பார்த்துக்கொண்டு, கோட்டின் அடிப்புள்ளியையே குறிவைத்து, 10 மில் (மில்லிரேடியன்) ஏற்றம் கொடுத்துச் சுட்டால் குண்டு 1 மீட்டர் மேலே அதே கோட்டில் விழ வேண்டும். துளைகள் எப்போதும் ஒரே பக்கமாக விலகினால், குமிழி எவ்வளவு அழகாக நடுவில் நின்றாலும் நம்பாதீர்கள். ரிங்கைத் தளர்த்தி நூலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.