ஆற்றலும் திறனும்: மின்னியற் கலைச்சொல் வரலாற்றில் ஓர் ஆய்வு

ஒரு துறையின் அறிவு பலரிடத்தும் பரவுதற்கு அத்துறைச் சொற்கள் யாவர்க்கும் ஒரே பொருளைத் தருவனவாக அமைதல் வேண்டும். தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சொல்லின் பிறப்பையே நோக்கின. சொல் குறிக்கும் பொருளின் எல்லையை அத்துணை நோக்கவில்லை. இதனால் நேர்ந்த இடர்ப்பாடு மின்னியலில் நன்கு புலப்படுகின்றது. மின்னாக்க நிலையங்கள், மின்கம்பிகள், மின்சாரத்தை நுகரும் இல்லங்கள், வயல்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே கணக்கில் வடித்து, வரும் ஆண்டுகளில் நிகழக்கூடியவற்றை ஆராயும் புதுத்துறை ஒன்று இன்று வளர்ந்துள்ளது. அத்துறைக்குத் தமிழிற் பொதுச்சொற்றொகுதி காண விழைவார்க்கு நூற்றாண்டுக் காலச் சொல்வரலாறு கற்பிப்பது யாது என்பதை, மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வாம்.

மதுரைச் சமவெளி மின்சாரத்தை அறியுமுன் நீரை நன்கறிந்தது. கண்மாய், மதகு, மடை, கலிங்கு எனப் பயிலும் சொற்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப்பொருள் உடையது. ஒன்றற்கு மற்றொன்றை வழங்குவார் எவருமிலர். 1895இல் பெரியாற்று அணை நீர் மலையைக் குடைந்து இச்சமவெளிக்குத் திருப்பப்பட்டது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. இன்றும் நாளிதழ்கள் அவ்வணையின் நிலையை உரைக்குங்கால், நீர்வரத்தை ‘வினாடிக்கு இத்தனை கன அடி’ என்றும், நீர் இருப்பை ‘இத்தனை மில்லியன் கன அடி’ என்றும் பிரித்தே உரைக்கின்றன. வரத்து வேறு, இருப்பு வேறு என்பதை மேலூர்ப் பகுதி உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

அப்பெரியாற்று நீரே 1958 முதல், கம்பம் பள்ளத்தாக்கின் தலைப்பிலுள்ள லோயர் கேம்ப்பில் மின்சாரத்தையும் ஆக்கித் தருகின்றது. ஆயின், நீர் மின்சாரமாக மாறிய அளவிலே, வரத்துக்கும் இருப்புக்கும் ஒத்த வேறுபாடு நம் சொல்வழக்கில் மறைந்துவிடுகின்றது. மின்சாரம் எவ்வளவு விரைவில் ஆக்கப்படுகின்றது என்பதைக் காட்டுவது கிலோவாட். குறித்த காலத்தில் ஆக்கப்பட்ட முழு அளவைக் காட்டுவது கிலோவாட் மணி. பின்னதையே மக்கள் ‘யூனிட்’ என்பர். ‘நேற்று இத்தனை மெகாவாட் மின்சாரம் உற்பத்தியாயிற்று’ என எழுதுவார் வரத்தைக் கூறி இருப்பாகக் கொள்கின்றனர். 2016இல் கமுதியில் அமைந்த கதிரவன் ஒளி மின்னிலையத்தை 648 மெகாவாட் என்கின்றோம். அது நண்பகல் வெயிலில் அந்நிலையம் எய்தக்கூடிய உச்ச அளவேயன்றி, இரவும் பகலும் இடையறாது தரும் அளவன்று.

இக்குழப்பம் எங்ஙனம் நேர்ந்தது? தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் வரலாற்றை நோக்குதல் தகும். 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் தமிழ்ச் சாத்திர பரிபாடைச் சங்கம் நிறுவி இப்பணியைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறிய ஈழத்து அறிஞர் ஒருவர் பின்னர் இப்பணிக்குத் தலைமை பூண்டார். அவரே அறிவியலும் தமிழும் ஒருங்கே பயின்ற விபுலானந்த அடிகள். இ. மு. சுப்பிரமணிய பிள்ளை முதலியோர் 1934இல் கண்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1936இல் அடிகளார் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டியது. 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் கொண்ட ‘கலைச்சொற்கள்’ வெளிவந்தது. 1940இல் சென்னை அரசு வி. எஸ். சீனிவாச சாத்திரியார் தலைமையில் குழுவொன்றை அமைத்தபோது, வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்னும் வினா பெரும்பூசலாய் எழுந்தது.

இப்பூசல் பொருளற்றதன்று. தமிழ் தன் வேரிலிருந்தே புதுச்சொல் ஈனவல்லது என்பதை அஃது உலகறியச் செய்தது. மின்னணு, மின்மாற்றி முதலாய சொற்களை இன்று தயக்கமின்றி வழங்குகின்றோம் எனில், அது முன்னோர் உழைப்பின் பயனே. எனினும் அக்காலப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை நிறுத்துவதோடு அமைந்தன. சொல்லின் குலம் ஆராயப்பட்டது. அதன் எல்லை வரையறுக்கப்படவில்லை. ஆங்கிலம் அறிந்தார்க்கு அப்பட்டியல் போதும். தமிழ் ஒன்றே அறிந்தார்க்கு அது பூட்டிய வீடே.

‘திறன்’ என்னும் சொல்லையே காண்போம். ஆற்றல் ஆக்கப்படும் அல்லது நுகரப்படும் வீதத்திற்கு அது பெயர். நிலையம் ஒன்று எய்தக்கூடிய உச்ச அளவையும் ‘நிறுவுதிறன்’ என்கின்றோம். பெற்ற ஆற்றலில் எத்துணைப் பங்கு பயனாயிற்று என்னும் விகிதமும் ‘பயனுறுதிறன்’ எனப்படுகின்றது. முன்னடை விடுபடுங்கால் மூன்றும் ‘திறன்’ என்றே நிற்கும். இதனால் வரும் கேட்டை ஒரு கணக்கால் விளக்குவோம். 5 குதிரைத்திறன் மோட்டார் தரும் வீதம் ஏறத்தாழ 3.73 கிலோவாட், 4 மணி நேரத்தில் அது தருவது 14.9 யூனிட். ஆயின் அதன் பயனுறுதிறன் 80 விழுக்காடு எனக் கொண்டால், அது கம்பியிலிருந்து வாங்கும் வீதம் ஏறத்தாழ 4.66 கிலோவாட், நான்கு மணி நேரத்தில் வாங்குவது 18.6 யூனிட். தரும் திறனை வாங்கும் திறனாகக் கொள்வார் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். தமிழ்நாட்டில் உழவர்க்குக் கட்டணமின்றி மின்சாரம் வழங்கப்படுகின்றது. அவர்தம் பம்புசெட்டுகள் பலவற்றிற்கு மின்அளவி இல்லை. ஆகவே அவற்றின் நுகர்வை மோட்டாரின் திறனும் ஓடும் நேரமும் கொண்டே மதிப்பிடல் வேண்டும். சொல்லில் நேரும் பிழை ஈண்டுக் கணக்கின் பிழையாய், அதன்மேல் எழும் திட்டத்தின் பிழையாய் முடிகின்றது.

கடல் கடந்து நோக்கின் சிக்கல் மிகும். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தனியே கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்தார் ஆற்றல் என்பதை ஈழத்தார் சக்தி என்பர். தமிழகத்தார் திறன் என்பது ஆங்கு வலு. முடுக்கம் என்பது ஆர்முடுகல். அழுத்தம் என்பது அமுக்கம். தமிழகத்து மக்களோ மோட்டாரின் வீதத்தை ‘குதிரைச் சக்தி’ என வழங்குவர். எனவே யாழ்ப்பாணத்து மாணவர்க்கு முழு அளவைக் குறிக்கும் சொல், மதுரை மக்கள் வாயில் வீதத்தைக் குறிக்கின்றது. அரசுத்துறைப் பெயரிலோ ‘எரிசக்தி’ நிற்கின்றது. எரிபொருள் ஏதுமின்றி இயங்கும் காற்றாலையும் அப்பெயருள் அடங்குதல் வேண்டியதாயிற்று. இவற்றுள் எது நற்றமிழ் என வினவுதலினும், எது எதனைக் குறிக்கும் என முதற்கண் வரையறுத்தலே இன்றியமையாதது.

பொருளை முன்வகுத்துப் பெயரைப் பின்னமைக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் பிரிக்குங்கால் தோற்றத்தையோ உயரத்தையோ கொள்ளாது, வயிரம் புறத்தே உள்ளதா அகத்தே உள்ளதா என்னும் ஒரு வரையறையையே கொள்கின்றது. அதனாலன்றோ ஓங்கி வளர்ந்த பனையும் புல்லாயிற்று! உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக நிரல்படுத்தியதும் இம்முறையே.

உலக மின்னியலாரும் இவ்வழியே சென்றனர். 1881இல் பாரிசு நகரிற் கூடிய பேரவை வோல்ட், ஆம்பியர் முதலிய அலகுகளை வரையறுத்தது. 1906இல் தோன்றிய பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் தன் சொற்றொகுதியின் முதற்பதிப்பை 1938இல் வெளியிட்டது. நம் ‘கலைச்சொற்கள்’ வெளிவந்ததும் அவ்வாண்டே. அவர்கள் வரையறை எழுதினர். நாம் நேர்ச்சொல் எழுதினோம். அண்மையில் செருமானிய ஆய்வாளர் உருவாக்கி 2021இல் ஆய்வுலகிற்கு அறிமுகம் செய்த ‘ஓப்பன் எனர்ஜி ஆன்டாலஜி’ என்னும் தொகுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறையும், எப்பொருள் எவ்வினத்தைச் சார்ந்தது என்னும் முறைவைப்பும் தருகின்றது. மரபியலின் நெறியைக் கணிப்பொறிக்கு ஏற்ப அமைத்தாற் போன்றது அது எனலாம்.

இவ்வரலாற்றினின்று யாம் கொள்வன மூன்று. முதலாவது, ஆற்றல் முழு அளவுக்கும், திறன் வீதத்திற்கும் உரியன எனக் கொண்டு, நிறுவுதிறன், பயனுறுதிறன் என்பவற்றை எஞ்ஞான்றும் முன்னடையோடு வழங்குதல் வேண்டும். ஈழத்துச் சொற்களையும் அவ்வரையறையின்கீழ் ஒத்த சொற்களாகப் பதிதல் வேண்டும். இரண்டாவது, மக்கள் வழக்கைத் தள்ளுதல் ஆகாது. பாடநூல்கள் ‘மூன்று கட்டம்’ என்பதனை உழவர் ‘மும்முனை மின்சாரம்’ என்பர். வேரூன்றிய அச்சொல்லை அகற்ற முயலாது, அதன் பொருளை வரைந்து ஏற்றல் நன்று. மூன்றாவது, புதுத்துறையின் பெயரிலேயே உள்ள மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ‘மாதிரி’ என்பது கூறெடுத்த பகுதியையும் குறிக்கும். கணக்கால் அமைத்த உருவையும் குறிக்கும். பின்னதற்கு ஈழத்தார் வழங்கும் ‘மாதிரியுரு’ பெரிதும் பொருந்தும். அவ்வண்ணமே, இன்னது நிகழும் எனக் கூறும் ‘முன்கணிப்பு’ வேறு. இன்னது நிகழின் இன்னவாகும் எனக் கொண்டு ஆராயும் நிலை வேறு. பின்னதனை ‘வருநிலை’ எனலாம்.

வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என நான்கினையும் வேறுவேறாக எடைபோட்டபின் வினையில் இறங்குக எனப் பணித்தது குறளின் வலியறிதல் அதிகாரம். வலியைத் தூக்குவார்க்குத் தூக்குகோல் செவ்வையாக அமைதல் வேண்டும். ஈண்டுச் சொல்லே அத்தூக்குகோல். தமிழாசிரியரும் மின்பொறியாளரும் ஓரிடத்திருந்து, நூறு சொற்களுக்கேனும் வரையறை எழுதுவார்களாயின், அஃது ஆயிரம் நேர்ச்சொற்களினும் பயன்படும். யாம் ஈண்டுக் கூறிய சொற்களையும் அறிஞர் அவ்வாறே ஆராய்ந்து, தக்கன கொண்டு, தகாதன தள்ளுவாராக.