இரத்தக் கொதிப்பும் உப்பிய வயிறும்

பாலோ தோட்டங்களில் நம் வீட்டுப் பெரியவர்கள் போடும் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு.

1948இல் இலண்டனில் பேட்டன், சைமிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் எக்சாமெத்தோனியம் என்ற மருந்தைப் பற்றி எழுதினார்கள். அது நரம்பு முடிச்சுகளிலேயே செய்தியைத் தடுத்துவிடும். இரத்தக் குழாய்கள் தளர்ந்தன; கொதிப்பு இறங்கியது. கடுங்கொதிப்புக்கு நல்ல மருந்தின்றித் தவித்த மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள்.

ஆனால், தலைமதகை அடைத்தால் ஒரு வயலுக்கு மட்டுமா நீர் நிற்கும்? குடலை இயக்கும் நரம்புகளும் ஓய்ந்தன. மலம் கட்டியது. சிலருக்குக் குடல் அசைவே நின்று வயிறு உப்பியது, உயிருக்கும் ஆபத்தானது.

1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நாட்டு வைத்தியர்கள் அறிந்திருந்த சர்ப்பகந்தி வேர் கொதிப்பைத் தணிப்பதை பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதினார். அதுவோ சிலருக்கு மனச்சோர்வைத் தந்தது. 1950களின் இறுதியில் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் வந்தன. அதன்பின் நல்ல மருந்துகள் பெருக, நரம்பைத் தடுக்கும் அப்பழைய மருந்துகள் வழக்கொழிந்தன.

இன்றைய மாத்திரைகள் வேறு. ஆயினும் எம்மருந்தும் உடலில் ஓரிடத்தோடு நிற்பதில்லை. வயிறு உப்பினாலோ தலை சுற்றினாலோ மாத்திரையை நாமே நிறுத்திவிட வேண்டாம்; மறைக்கவும் வேண்டாம். உடனே கிளினிக்கில் சொல்வோம்.